நேரலை எப்போது என்று முன்கூட்டியே, நம் நேரத்தில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் அறிவியல் செய்திகள் நன்றாகவே வருகின்றன. ஆனால் எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் வருகின்றன. ராக்கெட் ஏறிய மறுநாள் அதைப் படிக்கிறோம். ஆழ்கடலில் புது உயிரினத்தைப் படம் பிடித்த செய்தி அடுத்த வாரம் வருகிறது. இவற்றில் பலவற்றை நடக்கும்போதே செல்போனில் காசில்லாமல் பார்க்க முடிகிற காலம் இது. எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே பார்ப்பது, அதில் எதைக் கவனிப்பது என்று முன்கூட்டியே தமிழில் சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த வேலையை உங்கள் நாளிதழ் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம்.

நான் கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கூண்டு எண் ஒன்றிலிருந்து பதினொன்று வரை உண்டு. பகலில் கூண்டு, இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. பத்தாம் எண் என்றால் பெரும் ஆபத்து என்று ஊருக்கே தெரியும். பதினொன்றாம் எண்ணின் பொருள் பலருக்குத் தெரியாது. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துபோயிற்று, இனி எங்களுக்கும் எதுவும் தெரியாது என்பதே அதன் பொருள். தகவல் வந்து சேராமல் போவது பெரும் ஆபத்துக்கும் மேலே வைக்கப்பட்ட ஆபத்து. என் பணிக்காலம் முழுவதும் அந்த எண் என் மனதில் இருந்தது.

இன்று காரைக்கால் ரேடார் படத்தை வானிலைத் துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். மழை மேகம் கடலில் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பது சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்படமாக வந்துகொண்டே இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்ததே, அப்போது எங்கள் தெருப் பையன்கள் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு 'இன்னும் அசையவே இல்லை தாத்தா' என்று என்னிடம் வந்து வந்து சொன்னார்கள். எங்கள் காலத்தில் தந்தி வரும், தொலைபேசி வரும், அதற்கு மேல் கண்ணும் காதும்தான். அந்தப் பையன்கள் கையில் இருந்தது நான் பணியில் இருந்தபோது ஏங்கிய கருவி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜூலை 30-ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அதிகாலை, நம் நேரப்படி ஐந்து மணிக்குச் சற்று முன்னால், ரஷ்யாவின் காம்சட்கா கடலோரத்தில் 8.8 அளவில் நிலநடுக்கம். விடிந்ததும் கடலூர் முதுநகரில் எல்லார் செல்போனிலும் சுனாமி வீடியோ. அவற்றில் நான் பார்த்தவை 2011-இல் ஜப்பானில் எடுத்தவை. தேவனாம்பட்டினத்தில் இருக்கும் என் மைத்துனியின் மகள் அழுதுகொண்டே போன் செய்தாள். அந்தக் குடும்பத்தில் 2004-இல் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணை யாரும் குறை சொல்ல முடியாது. அதே காலையில் ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ், இந்தியக் கரைக்கு ஆபத்து இல்லை என்று தன் தளத்தில் அறிவித்துவிட்டது. உண்மை ஒரு பக்கம் கிடந்தது, பழைய வீடியோ வீடு வீடாகப் போயிற்று.

அன்று மாலையே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் செயற்கைக்கோள் ஏறியது. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்தது. 12 மீட்டர் அகலமுள்ள ஆண்டெனாவை விண்வெளியில் போய் விரித்து, ரேடார் அலைகளால் பூமியைத் தடவிப் பார்க்கிறது. மேகம் மறைத்தாலும் இருட்டாக இருந்தாலும் அதற்குத் தெரியும். 12 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்ப வந்து, தரை சில சென்டிமீட்டர் இறங்கியிருந்தாலும் ஏறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடும். அதன் தரவுகளை உலகில் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கடல் அரிக்கும் தாழங்குடாவுக்கும், நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்கும் நெய்வேலிப் பக்கத்துக்கும், பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்கும் இதைவிட வேண்டிய கருவி எது? அந்த ஏவுதல் நேரலையில் வந்தது. எங்கள் தெருவில் அதைப் பார்த்தது எங்கள் வீடு மட்டும்தான். மற்றவர்கள் ஆர்வமில்லாதவர்கள் அல்ல, அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அடுத்த நாள் பையன்கள் 'முன்னாடியே சொல்லியிருக்கலாமே' என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.

2004 பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை. சுமத்ராவில் பூமி குலுங்கியபோது இங்கே காலை ஆறரை மணி ஆகவில்லை. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு அவகாசம் இருந்தும் சொல்ல வழி இல்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 2007-இல்தான் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. கடல் அடியில், கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில், நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவியைக் கிடத்தியிருக்கிறார்கள். தலைக்கு மேல் அத்தனை தண்ணீர் நிற்கும்போது, கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஏறி இறங்கினாலும் அது உணர்ந்துவிடும். உணர்ந்ததை ஒலியாக மேலே மிதக்கும் மிதவைக்கு அனுப்பும், மிதவை செயற்கைக்கோளுக்கு அனுப்பும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது கரையை விட்டு எல்லோரும் விலகி நின்றோமே, நினைவிருக்கும். பூமித் தட்டுகள் அன்று பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை. இதையெல்லாம் விளக்கும் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. எந்தப் படத்தைப் பார்ப்பது என்று யாராவது கையைக் காட்ட வேண்டும்.

ஆழ்கடலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் நேரலை என்றாலே ராக்கெட் என்று பலர் நினைக்கிறார்கள். 2025 மார்ச்சில் தெற்கு அட்லாண்டிக் கடலில், சவுத் சான்ட்விச் தீவுகளுக்கு அருகே, ஷ்மிட் கடல் ஆய்வு நிறுவனத்தின் கப்பலில் இருந்து இறக்கிய ஆளில்லா நீர்மூழ்கி, சுமார் 600 மீட்டர் ஆழத்தில் ஒரு கணவாயைப் படம் பிடித்தது. ஒரு அடி நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு. பெருங்கணவாய் இனத்தின் குஞ்சு அது. வளர்ந்தால் ஏழு மீட்டர் நீளமும் அரை டன் எடையும் வரும், முதுகெலும்பில்லாத உயிரினங்களில் இதைவிடக் கனமானது உலகத்தில் கிடையாது. 1925-இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். திமிங்கிலத்தின் வயிற்றில் கிடைத்த துண்டுகளை வைத்துத்தான் முதலில் அறிந்தார்கள். தன் இடத்தில் உயிரோடு நீந்துவதைப் படம் பிடிக்க நூறு ஆண்டு ஆகியிருக்கிறது. அந்த வீடியோவைச் சிங்காரத்தோப்பில் என் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர். படத்தை நிறுத்தச் சொல்லி நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். கைகளில் இருக்கும் கொக்கிகளைப் பார்த்துவிட்டு, 'இதுக்குக் கொக்கி எதுக்கு, அந்த ஆழத்துல எதைப் புடிக்குது?' என்று கேட்டார். ஆராய்ச்சி செய்பவர்கள் கேட்கும் கேள்வி அது. படம் அவர் கண்ணில் பட்டால் போதும், மற்றது அவருக்கே தெரியும்.

அதே கப்பல் 2025 ஜூலை, ஆகஸ்டில் அர்ஜென்டினாவுக்குப் போயிற்று. மார் டெல் பிளாட்டா என்ற ஊருக்கு நேராகக் கடலுக்கு அடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதற்குள் நீர்மூழ்கி இறங்குவதை மணிக்கணக்கில் நேரலையில் காட்டினார்கள். பவளம், நட்சத்திர மீன், கண்ணாடி போன்ற மீன் என்று ஒவ்வொன்றாக வர வர, அந்த நாட்டு விஞ்ஞானிகள் தங்கள் ஸ்பானிஷ் மொழியில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைப் போல, பேசிக்கொண்டே போனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இரவு விழித்துப் பார்த்தார்கள். ஒரு தேசமே கடலடியைப் பார்த்துப் பேசிற்று என்று செய்திகளில் படித்தேன். அந்தப் பேச்சு ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர்கள் சிரித்ததும், வியந்து கத்தியதும், சிறுவர்கள் அனுப்பிய கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னதும் புரிந்தது. சொந்த மொழியில் சொன்னதால்தான் மக்கள் விழித்திருந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நமக்கும் அந்த நாள் வர இருக்கிறது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கியைக் கட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் வாகனம் அது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நம் நாட்டவர் இருவர் பிரான்சின் நோட்டீல் நீர்மூழ்கியில் அட்லாண்டிக்கில் இறங்கிப் பழகி வந்தார்கள், ஒருவர் 5,000 மீட்டருக்கும் கீழே போனார். இந்தக் கழகத்தைப் புதுச்சேரிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்து, பாறைக் குவியலாக நின்ற கரையில் மணலைத் திரும்ப வர வைத்தவர்கள் இவர்கள்தான். மத்ஸ்யா முதன்முதலாக ஆழத்துக்கு இறங்கும் நாளில் தமிழில் நேரலை வேண்டும் என்று உங்கள் தலையங்கத்தில் இப்போதே கேளுங்கள். நம் கரையில் கட்டிய வாகனம் இறங்குவதை நம் மீனவர் தன் மொழியில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மொழிக்காக நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம், பக்கத்து விழுப்புரம். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நேரத்தில், யூடியூபில் இஸ்ரோவின் நேரலையை மட்டும் ஒரே சமயத்தில் 80 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே தொழில்நுட்ப ஊழியரின் மகன், விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்தவர். அடுத்த மாதமே ஏறிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி. அது 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. செய்பவர்கள் நம்மவர்கள். பார்க்க வேண்டிய பிள்ளைகளும் நம்மவர்கள். நடுவில் இருக்கும் விளக்கம் மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஓடுகிறது.

வானத்தைப் பார்ப்பதில் இந்தக் கரைக்கு இருக்கும் தொடர்பு பழையது. லெ ஜெந்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர் 1761-இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதை அளக்கப் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வருவதற்குள் ஊரை ஆங்கிலேயர்கள் பிடித்துவிட்டார்கள். கடப்பு நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார், ஆடும் கப்பலில் நின்று அளக்க முடியவில்லை. அடுத்தது 1769-இல். திரும்பிப் போகாமல் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே காத்திருந்து, புதுச்சேரிக்கு வந்து, கோட்டை இடிபாட்டின் மேல் வானாய்வுக்கூடம் அமைத்தார். ஜூன் 4 காலை சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடியது, கடப்பு முடிந்ததும் வெயில் அடித்தது. ஊர் திரும்பினால் இறந்துவிட்டார் என்று சொத்தைப் பங்கு போடக் கிளம்பியிருந்தார்கள். அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது இந்தத் துயரக் கதையைத்தான். எனக்கு அதில் முக்கியமாகத் தோன்றுவது வேறு. இங்கே இருந்தபோது அவர் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்களிடம் கிரகணக் கணக்குக் கற்றார். சோழிகளை அடுக்கி, வாய்பாட்டை மனப்பாடமாகச் சொல்லி அவர்கள் போட்ட கணக்கை, 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தோடு ஒத்துப் பார்த்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் 41 விநாடிதான் வித்தியாசம். ஐரோப்பாவில் அன்று பெயர்பெற்ற அட்டவணையில் 68 விநாடி வித்தியாசம் வந்ததாம். அத்தனை சுத்தமாகக் கிரகணத்தைக் கணித்த ஊரில் இன்று கிரகணம் வந்தால் செல்போனில் ஓடுவது என்ன? தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்தும் வீடியோ. அடி தட்டையாக இருந்தால் உலக்கை எந்த நாளும் நிற்கும், அமாவாசையும் வேண்டாம் கிரகணமும் வேண்டாம்.

2025 ஜூலையில் இன்னொரு வதந்தி வந்தது. ஆகஸ்ட் 2 அன்று உலகம் முழுவதும் ஆறு நிமிடம் இருண்டுவிடும் என்றார்கள். அப்படி ஒரு கிரகணம் உண்டு, ஆனால் அது 2027 ஆகஸ்ட் 2-இல். உலகம் முழுக்க இருளப்போவதும் இல்லை. எகிப்தின் லக்சர் பக்கத்தில் சூரியன் ஆறு நிமிடத்துக்கு மேல் முழுவதும் மறையும், அதன் பாதையில் உள்ள ஊர்கள் மட்டும் இருளும். முழு மறைவு நம் ஊரில் தெரியாது, அதை நேரலையில்தான் பார்க்க வேண்டும். இந்த நாலு வரியை ஒரு நாளிதழ் அன்றே அச்சில் போட்டிருந்தால், கருவுற்றிருந்த என் பேத்தியை யாரும் பயமுறுத்தியிருக்க முடியாது.

புதுக் கருவிகளைப் பற்றியும் இதே கவனம் வேண்டும். இணையத்தில் தினம் ஒரு அதிசயக் கருவி விற்பனைக்கு வருகிறது. விலையை மட்டும் சொல்லும் வீடியோ ஆயிரம் இருக்கிறது. நான் பிள்ளைகளுக்குக் காட்டுவது வேறு மாதிரி. ஃபோல்ட்ஸ்கோப் என்று காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பணிபுரியும் மனு பிரகாஷும் அவர் குழுவினரும் 2014-இல் உலகுக்குக் காட்டியது. அதில் கெடிலம் ஆற்று நீரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிள்ளை அப்புறம் அந்த ஆற்றைப் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது. இன்னொன்று, ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் என்ற செயலி. நம் செல்போனுக்குள் ஏற்கனவே இருக்கும் உணரிகளை ஆய்வகக் கருவியாக மாற்றுகிறது. காந்தப்புலம், ஒலி, அதிர்வு எல்லாம் அளக்கலாம். சில போன்களில் காற்றழுத்தம் அளக்கும் உணரியும் இருக்கிறது. ஃபெஞ்சல் இரவில் அப்படி ஒரு போனை மேஜையில் வைத்துவிட்டுப் பையன்களோடு உட்கார்ந்திருந்தேன். அழுத்தம் இறங்கி இறங்கி வந்த கோட்டைப் பார்த்தபோது, துறைமுகத்துப் பாதரச மானியின் முன்னால் நின்ற இரவுகள் எனக்கு நினைவுக்கு வந்தன. பையன்களில் ஒருவன் இப்போது வானிலைப் படிப்பு எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

கண்டுபிடிப்பு என்று வரும் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் தென்கொரியாவில் எல்கே-99 என்ற பொருளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. சாதாரண வெப்பத்திலேயே தடையில்லாமல் மின்சாரம் கடத்தும் என்றார்கள். சிறு துண்டு ஒன்று காந்தத்தின் மேல் பாதி தூக்கி நிற்கும் வீடியோ உலகைச் சுற்றியது. சில வாரங்களில் பல நாட்டு ஆய்வகங்கள் செய்து பார்த்து, அப்படி இல்லை என்று காட்டிவிட்டன. முதல் செய்தியைப் படித்தவர்கள் பலருக்கு இரண்டாவது செய்தி போய்ச் சேரவில்லை. அறிவித்த செய்தியைப் போட்ட அதே இடத்தில், அதே அளவில், சரிபார்த்த செய்தியும் வர வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். தினம் ராசிபலனுக்குப் பக்கத்தில் நல்ல நேரம், ராகு காலம் போடுகிறீர்களே, அந்த இடத்துக்குக் கீழே ஒரு சிறு பெட்டி ஒதுக்குங்கள். வரும் வாரத்தில் நேரலையில் பார்க்கத் தக்கது எது, எந்த நிறுவனம் காட்டுகிறது, எத்தனை மணிக்கு என்று போடுங்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் கிரீன்விச் நேரத்தையோ தங்கள் ஊர் நேரத்தையோ போடுகின்றன, அதை நம் நேரத்துக்கு மாற்றிக் கொடுங்கள், கிரீன்விச் நேரம் என்றால் ஐந்தரை மணி கூட்டினால் போதும். ஏவுதல் தள்ளிப்போனால் அதையும் சொல்லுங்கள், தள்ளிப்போவது தோல்வி அல்ல என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். எதைக் கவனிப்பது என்று மூன்று வரி இருந்தால் போதும். 2029 ஏப்ரல் 13 அன்று அபோஃபிஸ் என்ற சிறுகோள் பூமிக்கு 32,000 கிலோமீட்டர் தூரத்தில், நம் டிவி செயற்கைக்கோள்களைவிடக் கிட்டத்தில், மோதாமல் கடந்து போகும். அதை வைத்து வரப்போகும் வதந்திக்கு முன்னால் உங்கள் பெட்டி ஊருக்குப் பழகியிருக்க வேண்டும்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள நூலகங்களின் வாசகர் வட்டத்தினர் இதைப் படித்தால், அந்தந்த நாளில் பெரிய திரையில் போட்டுக் காட்ட முன்வர வேண்டும். முதுநகரில் யாராவது ஏற்பாடு செய்தால், திரை கட்டுவது முதல் பிள்ளைகளுக்கு விளக்குவது வரை நான் வந்து நிற்கிறேன். முகவரியும் கைபேசி எண்ணும் தனித் தாளில் எழுதி இதோடு இணைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
துறைமுக ஊழியர் (ஓய்வு),
கடலூர் முதுநகர்.